நவஹோ நிலத்தில் ஒரு வார ஊழியம்: நிகழ்வு ஆய்வு

ஃபீனிக்ஸ் நகரத்துச் சபை ஒன்றைச் சேர்ந்த நாங்கள் 22 பேர், ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மூன்று வேன்களில் புறப்பட்டு, ஐந்து மணி நேரம் வடகிழக்காகப் பயணம் செய்து, நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலப்பகுதியில், அரிசோனாவின் எல்லைக்குள்ளேயே இருக்கும் ஒரு சிற்றூரைச் சென்றடைந்தோம். எங்களை வரவழைத்திருந்த சிறிய சபையின் பெண்கள் ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்து, எண்ணெயில் ரொட்டி பொரித்து, நாங்கள் சொல்லியிருந்த மணிக்கு வாசலில் காத்திருந்தார்கள். நாங்கள் போய் இறங்கியபோது குழம்பு ஆறிப் போயிருந்தது. எங்கள் கைக்கடிகாரத்தில் மணி நான்கு; அவர்கள் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தில் ஐந்து. அரிசோனா மாநிலம் கோடைக்கால நேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை; நவஹோ அரசு கடைப்பிடிக்கிறது. ஐந்து மாதம் கூடிக் கூடி ஆயத்தம் செய்த குழுவில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. வந்த இடத்தில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள்.

அந்தப் பயணத்தின் ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் சபையில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவற்றின் பிள்ளைகள் இருவர் எங்களோடு வந்திருந்தார்கள். இத்தகைய பயணங்களுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், ஏற்பாடு செய்யும் போதகர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஒரு வாரத்தில் என்ன திட்டமிட்டோம், உண்மையில் என்ன நடந்தது, எதனால் அப்படி நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

போன இடம்

நவஹோ மக்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்பதே அதன் பொருள். அவர்களுடைய நிலப்பகுதி அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் 27,000 சதுர மைலுக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. விண்டோ ராக் என்ற ஊரைத் தலைநகராகக் கொண்ட அவர்களுக்கென்று தனி அரசு, பேரவை, நீதிமன்றம், காவல்துறை எல்லாம் உண்டு. நிர்வாகத்தின் அடிமட்டத்தில் சாப்டர் எனப்படும் 110 ஊராட்சிகள் இருக்கின்றன. ஒரு சாப்டர் கூடத்தில் பொதுக்கூட்டம் நடக்கும், குடிநீர் கிடைக்கும், விறகு வினியோகம் நடக்கும். எந்த வீட்டுக்கு எந்த உதவி முதலில் தேவை என்ற பட்டியலும் அங்கேதான் இருக்கும். அந்தக் கடைசிச் செய்தி எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்த ஆய்வின் பாதிப் பக்கங்களுக்கு வேலை இருந்திருக்காது.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய்நீர் கிடையாது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் முழுமையான மளிகைக் கடைகள் சுமார் 13தான். பெற்றோர் ஃபீனிக்ஸிலோ ஆல்பகர்க்கியிலோ வேலை பார்க்க, பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் வளர்வது சர்வசாதாரணம்.

இந்த நிலத்துக்குச் சபைகள் வருவது புதிதல்ல. 1864இல் அமெரிக்க ராணுவம் தினே மக்களை ஆயிரக்கணக்கில் வீட்டைவிட்டு விரட்டி, 300 மைலுக்கும் அப்பாலிருந்த பாஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நடத்திச் சென்றது. உயிர் பிழைத்தவர்கள் 1868 ஜூன் 1 அன்று கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். அந்த உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றும், 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரை அரசு தர வேண்டும் என்றும் சொல்லியது. அதன்பின் குடியரசுத் தலைவர் கிராண்டின் காலத்தில், பழங்குடி முகமைகளை, அதாவது பழங்குடிகளை நிர்வகித்த அரசு அலுவலகங்களை, ஆளுக்கொன்றாகத் திருச்சபைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது நவஹோ மக்கள் பிரஸ்பிட்டேரியன் சபையின் பங்காக ஒதுக்கப்பட்டார்கள். 1898இல் பிரான்சிஸ்கன் துறவிகள் செயின்ட் மைக்கேல்ஸ் மிஷனைத் தொடங்கினார்கள். அதற்கு நிலமும் பணமும் கொடுத்த கேதரின் டிரெக்ஸல் பிற்காலத்தில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். 1901இல் கனாடோவில் பிரஸ்பிட்டேரியன் மிஷனும், 1903இல் கேலப் நகருக்கு அருகே ரெகோபோத் மிஷனும் வேரூன்றின. மருத்துவமனையும் செவிலியர் பயிற்சியும் அகராதியும் இந்த மிஷன்களின் வழியாகவும் வந்தன. பிரான்சிஸ்கன் துறவிகள் தினே மொழிக்கு 1910இல் ஒரு பெரிய அகராதியே வெளியிட்டார்கள். அதற்கு உழைத்த பெரார்ட் ஹெய்ல் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த மொழியோடு கழித்தவர். முழு வேதாகமம் தினே மொழியில் 1985இல் வெளிவந்தது.

அந்த வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு, அது பிள்ளைகளைப் பற்றியது. அரசு உறைவிடப் பள்ளிகளுக்கும் சபைகள் நடத்திய பள்ளிகளுக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோய், முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த காலம் இன்றைய பாட்டிகளின் நினைவுக்குள் இருக்கிறது. அமெரிக்க உள்துறை 2022இல் வெளியிட்ட அறிக்கை, 1819 முதல் 1969 வரை கூட்டரசின் ஆதரவில் 37 மாநிலங்களில் நடந்த 408 உறைவிடப் பள்ளிகளை அடையாளம் காட்டியது. 2024 ஜூலையில் வந்த இரண்டாம் பகுதி, அங்கே குறைந்தது 973 பிள்ளைகள் இறந்ததாகக் கணக்கிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று குடியரசுத் தலைவர் பைடன் அரிசோனாவிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். பள்ளிகளோடும் இது முடியவில்லை. 1969இலும் 1974இலும் எடுத்த கணக்கெடுப்புகளின்படி பழங்குடிப் பிள்ளைகளில் 100க்கு 25 முதல் 35 பேர் வரை குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டு வெளியார் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1978இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று தொடுத்த வழக்கில், அது செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஜூனில்தான். நல்ல எண்ணத்தோடு வந்து நிற்கும் ஒரு வேன் நிறைய அந்நியர்களை அந்த ஊர்ப் பாட்டி எந்தக் கண்ணால் பார்ப்பார் என்பதை இந்த ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளாமல் புரிந்துகொள்ள முடியாது.

திட்டம்

ஐந்து நாள் காலையில் விபிஎஸ் எனப்படும் சிறுவர் விடுமுறை வேதாகமப் பள்ளி. பிற்பகலில் சிறுவர் விளையாட்டும் கைவேலையும். பெரியவர்கள் ஒரு குழுவாகச் சபைக் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது. இன்னொரு குழுவாக ஒரு வீட்டுக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கட்டுவது. கடைசி நாள் மாலை பெற்றோருக்கு நிகழ்ச்சி. பாடத்திட்டத்தைக் கடையில் பெட்டியோடு வாங்கியிருந்தோம். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட் அச்சடித்திருந்தோம். இவற்றில் எதையுமே அந்த ஊரார் கேட்டிருக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. நாங்கள் கேட்ட கேள்வி, "நாங்கள் வந்து இவற்றைச் செய்யட்டுமா?" என்பது, அதற்கு அவர்கள் மரியாதையாகச் சரி என்றார்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருந்தால் வேறு பட்டியல் கிடைத்திருக்கும், பிறகு கிடைக்கவும் செய்தது.

ஊரின் தரப்பில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற, அறுபது வயது கடந்த ஓர் அம்மா. பிள்ளைகள் அவரை ஷிமா யாஷி என்று கூப்பிட்டார்கள். ஷிமா என்றால் என் அம்மா, யாஷி என்றால் சின்ன. அம்மாவின் சகோதரியை அழைக்கும் முறை அது. எங்களோடு வந்த தமிழ்ப் பிள்ளைகளில் மூத்தவளுக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அவளும் அன்று முதல் அவரைச் சின்னம்மா என்றே அழைத்தாள்; நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். தினே மக்களிடையே ஒருவர் தம்மை அறிமுகப்படுத்தும்போது முதலில் தாயின் குலம், பிறகு தந்தையின் குலம், அடுத்து தாய்வழித் தாத்தா, தந்தைவழித் தாத்தா ஆகியோரின் குலங்கள் என்று நான்கையும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் தமக்கு அண்ணனா, மாமனா, பேரனா என்பது தெரிந்துவிடும். கே என்று அவர்கள் சொல்லும் அந்த உறவுக்கட்டுதான் அங்கே சட்டம். நாங்கள் கழுத்தில் பெயர் அட்டையும் ஊர்ப் பெயருமாக நின்றோம். ஒரு சிறுமி அட்டையைப் படித்துவிட்டு, "உங்க அம்மா யாரு?" என்று கேட்டாள்.

பிள்ளைகளோடு

முதல் சிக்கல் காகிதத்தில் வந்தது. பிள்ளைகளைச் சேர்க்கவும் புகைப்படம் எடுக்கவும் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒன்றை எங்கள் சபை அலுவலகம் தயார் செய்திருந்தது. வந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை அழைத்து வந்தவர்கள் பாட்டிகள். ஒரு பாட்டி அதை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகள் சனிக்கிழமை வருவாள், அவளோடு சேர்ந்து படித்த பிறகே பெயர் எழுதுவேன் என்று சின்னம்மா வழியாகச் சொன்னார். சனிக்கிழமை நாங்கள் ஊர் திரும்பும் நாள். எங்கள் இளைஞர் பொறுப்பாளர் விதிமுறையை விளக்கத் தொடங்கினார். சின்னம்மா அவரைக் கையமர்த்தி வெளியே அழைத்துப் போய், பிள்ளைகளைப் பற்றிய தாளில் கையெழுத்து வாங்கி அழைத்துப் போனவர்கள் எப்போது திருப்பி அனுப்பினார்கள் என்பதை அந்தப் பாட்டியின் குடும்பம் தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறது என்றார். அன்றே முடிவெடுத்தோம். பாட்டிகள் பிள்ளைகளோடு கூடத்திலேயே அமரலாம். படம் யாரும் எடுப்பதில்லை. எங்கள் சபைக்குக் காட்டப் படம் இல்லாமல் போனது பற்றிக் குழுவில் சிலருக்கு வருத்தம் இருந்தது, காணிக்கை கொடுத்தவர்கள் கேட்பார்களே என்று. பாட்டிகள் உள்ளே வந்து அமர்ந்ததுதான் அந்த வாரத்தில் சிறுவர் ஊழியத்துக்கு நடந்த மிகப் பெரிய நன்மை என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் இருந்ததால் பிள்ளைகள் பயமில்லாமல் பாடினார்கள். பாடலின் ஒரு வரியைப் பாட்டிகளே தினே மொழியில் மாற்றிப் பாடவும் செய்தார்கள்.

இரண்டாவது, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நடந்தது. கைவேலைப் பெட்டியில் வண்ண நூற்கண்டுகள் இருந்தன. எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி நூலை முடிச்சிட்டு இரண்டு கைவிரல்களிலும் மாட்டி, சிறு வயதில் விளையாடிய நூல் விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தொடங்கினாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்; அடுத்தவளும் அப்படியே செய்தாள். வட்டம் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. தனக்கு எங்கே தவறியது என்று புரியாமல் மாணவி நூலை விரலில் மாட்டியபடியே நின்றாள். கடைசியில் அந்தச் சிறுமியே வாய் திறந்து, "இப்ப கூடாது. சிலந்தி முழிச்சிருக்கு" என்றாள்.

தினே மக்களிடம் நூல் விளையாட்டு மிக உயர்ந்த நிலையில் உள்ள கலை. விண்மீன் கூட்டங்களையும் கூடாரங்களையும் பறவைகளையும் விரல்களில் விரித்துக் காட்டுவார்கள். அது சிலந்திப் பெண் கற்றுக்கொடுத்தது என்பது அவர்கள் மரபு. சிலந்திகள் உறங்கும் குளிர்காலத்தில் மட்டுமே விளையாடலாம். நரிக் கதைகளும் அப்படியே, குளிர்காலத்துக்கு உரியவை. கிறிஸ்தவக் குடும்பங்களும் இதைப் பெரும்பாலும் மதிக்கின்றன. மரபுவழிச் சடங்கும் தேவாலயமும் ஒரே வீட்டில் அருகருகே இருப்பது அங்கே அரிதல்ல. எங்கள் மாணவி நூலைக் கழற்றிப் பையில் வைத்து மன்னிப்புக் கேட்டாள். அப்போது நடந்ததைத்தான் இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சின்னம்மா எழுந்து வந்து, எங்கள் பாடப் பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நூற்கண்டுகளைக் கையில் எடுத்து, பாட்டிகளில் நெசவு தெரிந்தவர்களை அழைத்து, அட்டையில் வெட்டுப்போட்டுச் சிறு தறி செய்து பிள்ளைகளுக்கு நெய்யக் கற்றுக்கொடுக்கச் செய்தார். எங்கள் ஆட்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கற்றார்கள். புதன் முதல் வெள்ளி வரை பிற்பகல் முழுவதும் இதுவே நடந்தது. காலையில் நாங்கள் வேதாகமக் கதை சொன்னோம். பிற்பகலில் அவர்கள் ஆசிரியர்கள், நாங்கள் மாணவர்கள். திட்டத்தில் இல்லாத இந்த ஏற்பாட்டுக்குத்தான் நாளுக்கு நாள் கூட்டம் கூடியது.

சாய்தளமும் தண்ணீரும்

சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவரின் வீட்டுக்குச் சாய்தளம் கட்ட வேண்டும். வீடு என்பது டிரெய்லர் வகை. வாசற்படி உளுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். புகைப்படத்தைப் பார்த்து 16 அடிக்கு மரம் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். நேரில் அளந்தால் வாசலின் உயரம் 30 அங்குலம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் ஓட வேண்டும் என்பது விதி. ஆக 30 அடி. அதைவிடக் குறைத்தால் பெரியவரைத் தள்ளுபவர் எழுபது வயது மனைவி என்பதால் நாற்காலி கையை மீறி உருண்டுவிடும். கேலப் நகருக்கு ஒரு வேனை அனுப்பி மரம் வாங்கி வர ஒரு நாள் போயிற்று. தூண் நட அரை அடி தோண்டியதும் சுண்ணாம்புப் பாறைபோல் இறுகிய மண் எழும்பியது; கடப்பாறையால் ஒரு குழிக்கு ஒரு மணி நேரம். வெள்ளையடிக்கும் குழுவையும் இங்கே இழுத்துக்கொண்டோம். சபைச் சுவருக்கு முந்தின கோடையில் இன்னொரு சபையார் வந்து வெள்ளையடித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது நன்றாகவே இருந்தது.

அந்த வீட்டில் வேலை செய்த நான்கு நாளும் தண்ணீர்க் கணக்கு எங்கள் கண்முன் நடந்தது. வாசலில் இரண்டு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் 55 கேலன், அதாவது 200 லிட்டருக்குச் சற்று மேல். 14 மைல் தொலைவில் இருக்கும் சாப்டர் கூடத்தில் நிரப்பி, அலை அலையாய் மேடுபள்ளம் விழுந்த மண்சாலையில் பிக்கப்பில் ஏற்றி வருகிறார் பேரன். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் வரும். சமைத்த பாத்திரம் கழுவிய தண்ணீர் வாளிக்குப் போய், அங்கிருந்து ஆடுகளுக்குப் போகிறது. கூப்பிடு தூரத்தில் ஒரு காற்றாலைக் கிணறும் தொட்டியும் இருந்தன. சிமெண்ட் கலக்கவும் கை கழுவவும் அதிலிருந்து எடுத்த எங்கள் ஆள் ஒருவர் பாட்டிலையும் நிரப்பப் போனார்; பேரன் ஓடிவந்து தடுத்தான். தொட்டியில் கால்நடைக்கு மட்டும் என்று எழுதியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. 1944 முதல் 1986 வரை இந்த நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கும் மேல். காப்பற்ற கிணறுகள் பலவற்றில் யுரேனியமும் ஆர்சனிக்கும் கண்டறியப்பட்டிருக்கின்றன. 1868 உடன்படிக்கையின்படி தினே மக்களுக்குத் தண்ணீர் கிடைக்கச் செய்யும் கடமை அமெரிக்க அரசுக்கு உண்டா என்ற வழக்கில், இல்லை என 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பொருள் பேரனின் பிக்கப்பும் 14 மைலும்தான்.

நியூ மெக்சிகோவில் தொரோ என்ற ஊரில் இருக்கும் செயின்ட் பொனவென்ச்சர் மிஷன், ஊர்ப் பெண் ஓட்டும் லாரியில் வீடு வீடாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பேர் பெற்றது. டிக்டீப் என்ற தொண்டு நிறுவனம் அதோடு கைகோத்து, வீட்டோரம் நிலத்தில் 1,200 கேலன் தொட்டி புதைத்து, மோட்டார் வைத்து, சமையலறைக் குழாயில் தண்ணீர் வரச் செய்யும் வேலையைத் தொடங்கியது. அங்கே மிஷன் ஒரு வாரத்துக்கு வந்து போவதில்லை. ஆண்டு முழுவதும் இருக்கிறது. எங்களைப் போன்ற குழுக்கள் பார்த்துக் கற்க வேண்டிய வேலை இது.

கணக்கு

திரும்பி வந்தபின் வரவு செலவை எடுத்துவைத்துச் சின்னம்மாவோடு தொலைபேசியில் பேசினோம். டி-ஷர்ட்டுக்கு ஆன தொகையில் உணவுத் தரமுள்ள புதிய பீப்பாய்கள் பத்தாவது வாங்கியிருக்கலாம். ஐந்து நாள் உழைப்பில் எது நின்றது என்று கேட்டோம். சாய்தளம், பாட்டிகள் நடத்திய நெசவு, இரண்டுமே என்றார். குழுக்கள் வந்து போவதைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசினார். கோடையில் மூன்று சபைகள் வந்தால் மூன்று விபிஎஸ் நடக்கிறது. பிள்ளைகள் மூன்று முறை புதியவர்களோடு ஒட்டிக்கொண்டு மூன்று முறை பிரிகிறார்கள். பெற்றோர் தொலைவில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. 2020 மார்ச்சில் சில்சின்பெட்டோவில் நடந்த சபைக் கூட்டம் ஒன்றிலிருந்து கொரோனா பரவி, அந்த மே மாதத்தில் ஆள் விகிதப்படி நாட்டிலேயே அதிகத் தொற்று நவஹோ நிலத்தில் பதிவானதையும், பாட்டிகளை ஊர் இழந்ததையும் நினைவுபடுத்தினார். வெளியிலிருந்து வருபவர்களை வரவேற்பதில் ஊருக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதைத் தெரிந்தேதான் அவர்கள் கதவைத் திறக்கிறார்கள்.

அந்த உரையாடலுக்குப் பிறகு எங்கள் ஏற்பாட்டுக் குழு மூன்று தீர்மானங்களை எடுத்தது. ஒரே சாப்டருக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து போவது, பெரும்பாலும் அதே ஆட்களோடு. வேலைப் பட்டியலைச் சாப்டர் கூடத்திலிருந்தே பெறுவது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியைச் சின்னம்மாவும் ஊர்ப் பெண்களும் நடத்த, பொருளும் சமையலும் எங்களுடையதாக இருப்பது. இவற்றை ஏற்றுக்கொள்ளாமல் விலகியவர்களும் உண்டு. சுவிசேஷம் சொல்லாமல் குழி தோண்டுவது ஊழியமா என்று கேட்டார்கள். அது நேர்மையான கேள்விதான். சின்னம்மாவே சபையின் மூப்பர். அந்த ஊரில் சுவிசேஷத்தைத் தினே மொழியில் பாட்டிகளிடம் பேச அவரைவிடத் தகுந்தவர் எங்கள் வேன்களில் எவருமில்லை என்பது என் பதில்.

அந்த டிசம்பரில் எங்களில் ஐந்து பேர் மட்டும், எந்த நிகழ்ச்சியும் இல்லாமல், அழைப்பின் பேரில் போனோம். இம்முறை குளிர்காலமானதால் கடிகாரங்கள் ஒத்திருந்தன. சாப்டர் கூடத்தில் இரவு முழுவதும் காலணி விளையாட்டு நடந்தது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து, புதைத்து வைத்த காலணிகளில் ஒன்றில் யூக்கா என்ற செடியின் வேரால் செய்த உருண்டையை ஒளித்து, எதிர்ப்பக்கம் கண்டுபிடிக்க, 102 குச்சிகளைக் கொண்டு கணக்கு வைக்கும் பழைய குளிர்கால ஆட்டம் அது. கூடத்தின் மூலையில் அந்த எட்டு வயதுச் சிறுமி எங்கள் மாணவிக்கு நூலில் விண்மீன்கள் செய்யக் கற்றுக்கொடுத்தாள். மாணவிக்கு நான்கு முறையும் கடைசி விரலில் நழுவியது. சிறுமி சலிக்காமல் நூலை உருவி மறுபடி முதலிலிருந்து மாட்டிவிட்டாள்.

அடுத்த ஜூனுக்குச் சாப்டர் அனுப்பிய பட்டியலில் ஐந்து வேலைகள் இருந்தன: நான்கு முதியோர் வீடுகளுக்குக் குளிர்கால விறகு அறுத்து அடுக்குவது, ஹோகன் எனப்படும் மரபுவழி வீடு ஒன்றின் கூரைக்கு மண் பூசுவது, இரண்டு வாசற்படிகள், ஓர் ஆட்டுப்பட்டி வேலி, பிறகு மண்சாலையில் மழைநீர் அறுத்த ஓர் இடத்தில் கல் போடுவது. சாய்தளம் கட்டிய வீட்டின் பெயர் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கான காத்திருப்போர் வரிசையில் இருக்கிறது. பெரியவர் இப்போது நாற்காலியில் தாமாகவே வாசலுக்கு இறங்கி வந்து, பேரன் பீப்பாய்களோடு திரும்பி வரும் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகச் சின்னம்மா சொன்னார். தொட்டி வரும் வாரத்தில் குழி வெட்ட எட்டுப் பேர் வருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாய்தளத்துக்குத் தூண் நட்ட அதே இறுகிய மண், இம்முறை ஆள் உயரத்துக்கு.